பெட்டி யோசனை என்னுடையது

எனக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். அதனால் உங்கள் அனுமதியோடு காலை நீட்டிக்கொண்டுதான் பேசுவேன், மேடம். வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. இது உத்தியோகத்தால் வந்த தேய்மானம். பதினெட்டு வருடங்களாக வாரத்துக்கு ஒரு நாள் ஏதாவது ஒரு பெரிய கடைக்குள் முட்டி போட்டு நடந்திருக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் என் கண்ணும் இருக்க வேண்டும் என்பதற்காக.

அங்கிருந்து பார்த்தால் அது வேறு கடை. பெரியவர்களுக்கு முகமே இருக்காது. இடுப்பு பெல்ட், கைப்பை, தொங்கும் கை, அவ்வளவுதான். விலைச்சீட்டு கண்ணில் படாது. கீழிருந்து மூன்றாவது தட்டு மட்டும் ஜொலிக்கும். எதை அந்தத் தட்டில் வைக்க வேண்டும், எந்த நிறத்தில் வைக்க வேண்டும் என்பதை நான் முட்டியால்தான் கற்றுக்கொண்டேன். கடைக் காவலாளிகள் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பிறகு பழகி, "என்ன சார், இன்னைக்கும் குழந்தையா?" என்று கேட்டுவிட்டு வழிவிடுவார்கள்.

என்னை யாரும் இங்கே கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவு எங்கள் விளம்பர அலுவலகத்துக்கு வந்திருந்தது. பதினான்காம் பக்கத்தில், 'சுண்டுவின் பெட்டி' என்கிற யோசனை எங்கள் பொது மேலாளருடையது என்று போட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டு அன்றைக்கு நான் மதியம் சாப்பிடவில்லை. அந்த மனிதருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஆமாஞ்சாமி. வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் 'ஆமா' என்பார், நான் எதைச் சொன்னாலும் அதற்கும் 'ஆமா' என்பார். குழந்தை என்றால் உயரம் குறைந்த பெரியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர். அவர் மூளையில் இப்படி ஒரு யோசனை உதித்தது என்று அரசாங்கக் காகிதத்தில் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் வக்கீல் வைத்து எதுவுமே தெரியாது என்கிறார். ஒரு விதத்தில் உண்மையைத்தான் சொல்கிறார், பாவம்.

நீங்கள் பெட்டியைப் பற்றி மட்டும்தான் விசாரிக்கிறீர்கள் என்று தெரியும். ஒரே டப்பாவை இரண்டு தடவை விற்றீர்களா என்பதுதான் உங்கள் கேள்வி. ஆமாம், விற்றோம். அதை இரண்டு வரியில் எழுதிவிடலாம். ஆனால் யோசனை எப்படி வந்தது என்று சொல்லாமல் அது என்னுடையது என்று நிரூபிக்க முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் தொழிலில் நச்சரிப்பு எண் என்று ஒன்று உண்டு. ஒரே பொருளை ஒரு குழந்தை எத்தனை தடவை கேட்கிறது என்ற கணக்கு. கடைகளில் குடும்பங்களின் பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு நடந்து எடுத்தது. அப்பாக்கள் நான்காவது தடவையில் விழுந்துவிடுவார்கள். தாத்தா, மாமா வகையறாவுக்கு ஒரு தடவையே அதிகம். அம்மாக்கள்தான் கெட்டி, ஏழாவது தடவை வரைக்கும் தாங்குவார்கள். கடைக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் அம்மாக்கள். ஆனால் சாதாரணக் குழந்தை ஐந்தாவது தடவையில் களைத்துப்போய் வேறு எதையாவது வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே இரண்டு இருக்கிறது அல்லவா, அந்த இரண்டு தடவைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

விளம்பரம் ஆசையைத் தூண்டுகிறது என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அவர்களுக்குக் குழந்தையைத் தெரியாது. குழந்தைக்குத் தெருவில் கிடக்கும் கூழாங்கல் மேலேயும் ஆசை வரும். ஆசைக்கு யாரும் என்னைப் போன்ற ஆளை வேலைக்கு வைக்க வேண்டியதில்லை. நான் கொடுப்பது தெம்பு. ஆறாவது தடவை கேட்பதற்கான தெம்பு.

டப்பாவுக்குள் பொம்மை போட்டுப் பார்த்தோம். ஒட்டுப்படம் போட்டோம், பாட்டுப் போட்டோம். ஆறைத் தாண்டவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனை அறை இருக்கிறது. அந்தப் பக்கம் குழந்தைகள் விளையாடும். இந்தப் பக்கம் நாங்கள் தேநீரோடு உட்கார்ந்திருப்போம். நடுவில் இருக்கும் கண்ணாடி, குழந்தைகளுக்கு வெறும் நிலைக்கண்ணாடியாகத் தெரியும். ஒரு நாள் அங்கே ஒரு சின்னப் பெண் கை உடைந்த பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குக் கட்டுப் போட வேண்டும், துணி கொடு என்று அவள் அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தாள். நான் சும்மா எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. பதினோராவது தடவையும் முதல் தடவை கேட்ட அதே குரலில் கேட்டாள். என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது.

தனக்காகக் கேட்கிற குழந்தை ஐந்தில் களைத்துவிடும், மேடம். இன்னொருவருக்காகக் கேட்கிற குழந்தைக்குக் களைப்பே கிடையாது. இத்தனை வருடம் குழந்தைகளின் ஆசையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம். அவர்களுடைய இரக்கத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்படிப் பிறந்தவன்தான் சுண்டு. ஒரு காது மடிந்த சின்ன எலி. வாலின் நுனியில் ஒரு குட்டி விளக்கு. பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட் பவுடருக்காக அவனை உண்டாக்கினேன். சுண்டுவுக்கு உடம்பு சரியில்லை. அவன் உங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால்தான் படுத்திருக்கிறான். நீங்கள் ஒரு டம்ளர் குடித்து முடித்தால் அவன் வால் விளக்கு கொஞ்சம் பிரகாசமாகும். குடிக்காவிட்டால் மங்கும். அவ்வளவுதான் கதை. முப்பது விநாடி.

எங்கள் ஓவியர் நல்ல பெண்மணி. இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். முதல் படத்தை வரைந்துகொண்டு வந்து என் மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"சார், பாக்கவே பாவமா இருக்கு. கடைசில லேசா சிரிக்க வெச்சிரட்டுமா?"

"சிரிப்பெல்லாம் வேணாம். கண்ணை மட்டும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க. கீழ் இமைல ஈரம் தெரியணும், ஆனா வழியக் கூடாது."

"வழியக் கூடாதா?"

"வழிஞ்சா அழுது முடிச்சிட்டான்னு அர்த்தமாயிடும்."

அவர் அப்படியே வரைந்து கொடுத்தார். நல்ல கைத்திறன். விளம்பரம் வெளியான ஆறாவது வாரத்தில் நச்சரிப்பு எண் பதின்மூன்று. ஆமாஞ்சாமி கேக் வெட்டினார். குழந்தைகள் சுண்டுவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். ஒன்றை என் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். 'அன்புள்ள சுண்டு, நாங்கள் நான்கு நாள் வெளியூர் போகிறோம். திரும்பி வரும்வரை செத்துப் போகாதே.' என்ன அழகான கையெழுத்து தெரியுமா. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஓவியர் மட்டும் என் அறைக்கு வந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

இப்போது என் தங்கை மகளுக்கு வருகிறேன். அவளுக்கு ஆறு வயது. நான் வாண்டு என்று கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி கிடையாது, அவள்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்விடுவேன். மாமா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. நான் புதிதாக எதை உருவாக்கினாலும் முதலில் அவளுக்குத்தான் காட்டுவேன்.

அவளிடம் ஒரு குறை. கேட்கவே மாட்டாள்.

அது என் தங்கையின் வளர்ப்பு. தங்கை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் எதையும் இரண்டு தடவை கேட்பதும் சொல்வதும் அவளுக்கு ஆகாது. அந்த வீட்டுச் சட்டம் இதுதான்: எதுவானாலும் ஒரு தடவை கேட்கலாம். ஒரு தடவை பதில் வரும். அதற்கு மேல் பேச்சில்லை. குழந்தை இரண்டாவது தடவை வாயைத் திறந்தால், "கேட்டாச்சு, சொல்லியாச்சு" என்பாள். திட்டக்கூட மாட்டாள். அவள் புருஷன், பேருந்து ஓட்டுகிற மனிதர், அவரே சம்பள உயர்வை முதலாளியிடம் ஒரு தடவைதான் கேட்டாராம்.

ஆக வாண்டுவின் நச்சரிப்பு எண் ஒன்று. நான் பதினெட்டு வருடம் செய்த எதுவும் அந்த ஒன்றை ஒன்றரை ஆக்கவில்லை. பொம்மை போட்ட டப்பாவைக் காட்டினால், "நல்லாருக்கு மாமா" என்பாள், என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பாள். விரலில் ஓர் இழுப்புக்கூட இருக்காது. ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் நான் செய்த டப்பாவுக்காகக் கடைத் தரையில் புரண்டு அழும்போது, என் வீட்டுப் பிள்ளை இப்படி என் மூக்கை உடைத்தால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுண்டு படத்தை அவளுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"மாமா, சுண்டு நெஜமா இருக்கானா?"

"எனக்கு அவன நல்லாத் தெரியும். அவனுக்குப் பேர் வெச்சதே நான்தான்."

என் மடியிலிருந்து இறங்கி நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"அம்மா, சுண்டுக்கு ஒடம்பு சரியில்ல. அந்தப் பவுடர் ஒண்ணு வாங்கலாமா?"

"வேணாம்மா. அதுல பாதிக்கு மேல சக்கரை."

"சரிம்மா."

முடிந்தது. வந்து உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி கேட்கவில்லை. என் வீட்டு அலமாரியில் அந்தப் பவுடர் நாற்பத்தெட்டு டப்பா இருந்தது, பவுடர் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாமே என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. கொடுத்திருக்கலாம்தான். ஆனால் கேட்காத குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் கேட்பாளா மாட்டாளா என்பது தெரியாமலே போய்விடும். சோதனை கெட்டுவிடும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தங்கை புருஷன் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார்.

"மச்சான், வீட்ல திடீர்னு எலித் தொல்ல. கூண்டுப் பொறி ஒண்ணு வாங்கியாந்து வெச்சேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா பொறிக் கதவு தெறந்து கெடக்கு. உள்ள எலி இல்ல. நான் வெக்காத ரெண்டு துண்டு ரொட்டி, பாதி முட்ட. எலி வந்து சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிருக்கு போல. நான் பொறி வெச்சேனா, பந்தி வெச்சேனான்னே தெரியல."

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வாண்டு சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் கையில் போட்டிருந்த கடிகாரப் பட்டை கடைசி ஓட்டையில் மாட்டியும் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

சாப்பாடு முடிந்ததும் அவள் அறைக்குப் போனேன். பெரியவர்கள் நின்றபடி பார்த்தால் அந்த அறையில் ஒன்றும் தெரியாது. நான் முட்டி போட்டேன். துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதற்குள் சின்னச் சின்ன மூடிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ரொட்டி, ஒன்றில் முட்டை, ஒன்றில் ஆரஞ்சுச் சுளை இரண்டு, தண்ணீர்ப் பாட்டில் மூடியில் பால். ஒவ்வொரு வேளையிலும் அவள் பங்கிலிருந்து எடுத்து வைத்தது. பக்கத்தில் ஒரு பொம்மைத் தலையணை வேறு. நோயாளி அல்லவா.

புரிகிறதா, மேடம்? வீட்டுச் சட்டத்தை அவள் மீறவில்லை. ஒரு தடவை கேட்டாள், கிடைக்காது என்று பதில் வந்தது, ஏற்றுக்கொண்டாள். ஆனால் சுண்டு படுத்துத்தானே கிடக்கிறான். அதனால் கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கொடுத்தாள். தன் சாப்பாட்டை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பதினான்காம் பக்கம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. கேட்பதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. பதின்மூன்றோ பதினைந்தோ, எங்கேயோ ஓரிடத்தில் முடிந்துவிடும். தன்னுடையதை எடுத்துக் கொடுப்பதற்கு எண்ணிக்கையே இல்லை. இத்தனை நாள் குழந்தையை வாங்குகிறவனாகப் பார்த்திருக்கிறேன். குழந்தை கொடுக்கிறவன். அலமாரியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். கண் கலங்கியது. அவள்மேல் அவ்வளவு பெருமையாக இருந்தது. பிறகு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"என்னண்ணா, தரையில என்ன தேடுற?" என்றாள் தங்கை.

"பேனா விழுந்துடுச்சு" என்றேன்.

மறுநாள் ஆமாஞ்சாமியின் அறையில் பெட்டியை வரைந்து காட்டினேன். ஒவ்வொரு கடையிலும் ஒரு பெரிய பெட்டி. முன்பக்கம் எலி வளை மாதிரி ஓர் ஓட்டை. குழந்தை தனக்கு ஒரு டப்பா வாங்கும், சுண்டுவுக்கு ஒரு டப்பா வாங்கும். சுண்டுவின் டப்பாவைத் தன் கையாலேயே வளைக்குள் போடும். பெட்டியின் பின்பக்கம் கடைக்காரர் கையில் இருக்கும். போட்ட டப்பாவை எடுத்து மறுபடி தட்டில் வைத்துவிடலாம்.

ஆமாஞ்சாமி வாயைப் பிளந்தார். "அப்ப ரெண்டு டப்பா விக்கிறமா?"

"ஒரு டப்பாதான். ரெண்டு தடவ."

"ஆமா" என்றார். இதுதான் அந்த யோசனையில் அவருடைய பங்கு. தயவுசெய்து அப்படியே பதிவு செய்யுங்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை வாண்டு பள்ளிக்கூடத்தில் காலை வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, குழந்தை மட்டும் சாப்பிட மாட்டேன் என்கிறது. வாய் அருகே கொண்டுபோனால் உதட்டை மடித்துக்கொள்ளும். ஊட்டினால் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, யாரும் பார்க்காதபோது ஒரு துணியில் துப்பி மடித்து வைக்கும். கையில் ஊசி ஏற்றி அதன் வழியாகத்தான் சத்து போனது.

தங்கை மூன்று நாளில் பாதியாகிவிட்டாள். பேருந்துக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் மதியம் டாக்டர் எல்லோரையும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"உடம்புல எதுவும் இல்ல. மனசுல ஏதோ இருக்கு. வீட்ல ஏதாவது மாறிச்சா? எதையாவது பாத்துப் பயந்தாளா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல."

தங்கை திரும்பி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஊர்ல இருக்கற குழந்தைங்க மனசெல்லாம் ஒனக்குத் தெரியும். எம் பொண்ணுகிட்ட நீ ஒரு தடவ பேசிப் பாருண்ணா."

உள்ளே போனேன். நர்ஸ் ஒரு டம்ளர் பாலை அவள் கையில் கொடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே போயிருந்தார். வாண்டு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கிட்டே வா என்று தலையை ஆட்டினாள்.

"மாமா, நான் இங்க வந்துட்டேன். சுண்டு அங்க தனியா இருப்பான். அவன் சாப்பிட்டானா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பால் உள்ளே போய்விடும் என்று எனக்குத் தெரியும். அங்கே என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

"இன்னும் இல்லடா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பாலைப் பார்த்தாள். பிறகு சிந்தாமல் மெதுவாக என்னிடம் நீட்டினாள். "அப்ப இதக் கொண்டுபோய்க் குடுத்துருங்க மாமா. ஆறறதுக்குள்ள."

வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். "என்னண்ணா சொன்னா?" என்று தங்கை ஓடி வந்தாள். பசிக்கலையாம் என்றேன். அவள் டாக்டரைத் தேடிப் போனதும் வராந்தாவின் கோடியில் இருந்த ஜன்னலோரம் நின்று பாலை நானே குடித்தேன். நல்ல பால், கொட்டுவதற்கு மனம் வரவில்லை.

உங்கள் பேனா நின்றுவிட்டது, மேடம். பரவாயில்லை, பதிவுக் கருவி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

அதன் பிறகு ஒன்பது நாள். தினமும் மதியம் மூன்று மணிக்குப் போவேன். தினமும் அதே கேள்வி, அதே பதில். ஒவ்வொரு நாளும் அவள் எதை ஒதுக்கினாள், என்ன சொன்னாள், குரல் எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் நாளும் முதல் நாள் கேட்ட அதே குரல்தான், கொஞ்சம் மெல்லியதாக. அந்த நோட்டு என் பையில் இருக்கிறது, உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். யோசனை யாருடையது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

இடையில் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று சொன்னார். ஏழாம் நாள் போட்டார்கள். தங்கை அறைக்கு வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பேருந்துக்காரர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். என்னை என்னவென்று நினைக்கிறீர்களோ தெரியாது, நானும் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து ஓவியரைக் கொஞ்சம் வேகமாக வரையச் சொன்னேன். அவர் தன் இரட்டையரில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் விடுப்பில் இருந்தார்.

பத்தாம் நாள் புதுப் படம் தயாரானது. பெட்டிக்கான விளம்பரம். குழந்தைகள் வரிசையாக வந்து வளைக்குள் டப்பா போடுகிறார்கள். சுண்டு எழுந்து உட்காருகிறான், ஒரு டம்ளரைக் காலி செய்கிறான், வால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. படம் முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன். ஊரில் யாரும் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குத்தான் காட்டினேன். பதினைந்தாவது விநாடியில் நிறுத்திவிட்டேன். அதற்கு அப்புறம் சுண்டுவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்கும் உடம்பு சரியில்லை என்று வரும். அதைக் காட்டவில்லை. நானும் மனிதன்தானே.

வாண்டு கைப்பேசியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். "சாப்ட்டுட்டான்" என்றாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டுப் பால் கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள். குழாயை எடுத்த பிறகு இரண்டு டம்ளர் குடித்தாள்.

தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லேன்னா எம் பொண்ணு இல்லண்ணா" என்றாள். பேருந்துக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார், அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. டாக்டர்கூட என் தோளில் தட்டி, குழந்தைகளை இவ்வளவு புரிந்துவைத்திருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்றார். அடுத்த மாதம் பெட்டிகள் கடைகளுக்குப் போயின. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்கள் அறிக்கையில் சரியாக இருக்கிறது, பெயரைத் தவிர.

இந்த வாக்குமூலத்தைத் தங்கை படிப்பாளா என்று கேட்கிறீர்கள். படிக்கட்டும். அவள் பெண்ணால்தான் இது வந்தது என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா?

முதல் நாளே 'சாப்பிட்டுவிட்டான்' என்று சொல்லியிருந்தால் ஒன்பது நாளும் குழாயும் தேவைப்பட்டிருக்காதே என்று கேட்கிறீர்கள். இதைத்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கும் குழந்தைகள் இருக்கும், யோசித்துப் பாருங்கள். பெரியவர்களிடம் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், ஆனால் பதினெட்டு வருடத்தில் ஒரு குழந்தையிடம்கூட நான் பொய் சொன்னதில்லை, மேடம். அன்றைக்குச் சுண்டு உண்மையிலேயே சாப்பிட்டிருக்கவில்லை. அவன் சாப்பிடுகிற படம் இன்னும் வரைந்து முடியவில்லை.